வியன்னா மாநாடு, ஏப்ரல்: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா, போஸ்டர், சைவச் சாப்பாடு. எங்கிருந்து தொடங்குவது?

#1 · ஈரமண்

வணக்கம். ஏப்ரல் மூன்றாம் வாரம் வியன்னாவில், ஆஸ்திரியா சென்டர் அரங்கில் மாநாடு. ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டு, போஸ்டர் (ஆய்வை விளக்கும் சுவரொட்டி) ஒதுக்கியிருக்கிறார்கள். கோவையில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டு. பயணச் செலவு மத்திய அரசு நிதியிலிருந்து. முதல் வெளிநாட்டுப் பயணம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, இனிஷியல்கூட இல்லை.

விசாவுக்கு எதை முதலில் செய்வது? பெயர் சிக்கலாகுமா? எந்த வழியாகப் பறப்பது நல்லது? போஸ்டரை எப்படிக் கொண்டுபோவது? முட்டையும் சாப்பிடமாட்டேன், அங்கே ஒரு வாரம் ஓட்ட முடியுமா? ஒரு நாள் கிடைத்தால் புடாபெஸ்டும் பார்க்க ஆசை. இப்போது நவம்பர் கடைசி. நாலரை மாதம் இருக்கிறது.

#2 · நகல்_மூன்று

நாலரை மாதம் தாராளம். ஆனால் எல்லாரும் விசா அப்பாயின்ட்மென்டிலிருந்து தொடங்குவார்கள், நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம். முதல் வேலை மாநாட்டுப் பதிவுக் கட்டணம். பெரும்பாலான மாநாட்டுச் செயலகங்கள் கட்டணம் வந்த பிறகுதான் விசாவுக்கான அழைப்புக் கடிதம் தரும். அந்தக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், மாநாட்டுத் தேதிகள், அரங்கம், உங்கள் கட்டுரைத் தலைப்பு, செலவு யாருடையது ஆகிய ஏழும் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தைப் பல செயலகங்கள் எழுதுவதில்லை. "நாங்கள் செலவை ஏற்கவில்லை" என்று ஒரு வரி இருந்தால்கூடப் போதும். உங்கள் நிறுவனத்தின் கடிதம் மீதியைச் சொல்லும்.

அடுத்தது நிறுவனக் கடிதம். நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை விடுப்பு, யார் பணம் தருகிறார்கள், திரும்பி வந்து எதைத் தொடர்வீர்கள். கடைசிப் பகுதியைச் சடங்காக நினைக்காதீர்கள். மாணவர் விண்ணப்பத்தில் அதிகாரி தேடுவதே அதைத்தான்.

பிறகு அப்பாயின்ட்மென்ட். சட்டப்படி பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமான கெடு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள்வரை நீட்டிப்பார்கள். விசா விண்ணப்பம் வாங்கும் நிறுவனமான விஎஃப்எஸ்-இன் சென்னைக் கவுன்டரில் கொடுத்தாலும் முடிவெடுப்பது டெல்லித் தூதரகம், அதனால் பாஸ்போர்ட் போய்வரும் நாட்களும் உண்டு. மார்ச்சில் கோடைச் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடும். ஜனவரி கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்: கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டது, ஷெங்கனை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை) விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடி, 2 வெற்றுப் பக்கம். படம் 35×45 மி.மீ., 6 மாதத்துக்குள் எடுத்தது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் நாட்கள் முழுவதற்கும், நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்த்து.

வங்கிக் கணக்கு ஆறு மாதத்துக்கு எடுங்கள். உதவித்தொகை மாதாமாதம் வருவது தெரிந்தால் சிறிய இருப்பே பரவாயில்லை. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அப்பா கணக்கிலிருந்து மூன்று லட்சம் விழுந்திருந்தால்தான் கேள்வி வரும். அப்பா பணம் தருகிறார் என்றால் அதை மறைக்காமல் அவருடைய கடிதம், அவருடைய கணக்கு, உறவுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

பணக் குறைவு மட்டுமல்ல, தேதிக் குளறுபடியும் மறுப்பு வாங்கித் தரலாம். அழைப்புக் கடிதம், விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, ஹோட்டல், காப்பீடு, விண்ணப்பப் படிவம் ஆறையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒரே வருகைத் தேதி, ஒரே கிளம்பும் தேதி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். விமானத்துக்கு முன்பதிவு போதும், விசா வருமுன் பணம் கட்டி டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. ஹோட்டல் ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

#3 · இனிஷியல்_கே

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்களுக்கே உரிய தலைவலி இது.

மாநாட்டுப் பதிவுப் படிவம் "கடைசிப் பெயர்" இல்லாமல் நகராது. அங்கே பலர் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள். அழைப்புக் கடிதம் அந்தப் பெயரிலேயே அச்சாகி வரும். பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை. விசா அதிகாரி பார்வையில் இது வேறு ஆள். ஆகவே படிவத்தில் எப்படி நிரப்பியிருந்தாலும் செயலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, கடிதத்தில் மட்டும் பாஸ்போர்ட் பெயர் அப்படியே வர வேண்டும் என்று கேளுங்கள். பாஸ்போர்ட் முதல் பக்கத்தை இணைத்தால் ஒரே நாளில் முடிகிற வேலை. கழுத்தில் மாட்டும் அட்டையில் என்ன பெயர் இருந்தாலும் கவலையில்லை.

விமான டிக்கெட்டில் ஒற்றைப் பெயருக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். சிலது இரண்டு கட்டத்திலும் அதே பெயரை எழுதச் சொல்லும், சிலது முதல் பெயர் கட்டத்தில் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். இரண்டு நிறுவனம் சேர்ந்து பறக்கும் டிக்கெட் என்றால் டிக்கெட்டை வெளியிடும் நிறுவனத்தின் வழக்கம்.

விசாப் படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டால் இருக்கும் ஒரே பெயரை அங்கே எழுதி, கவுன்டரில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாத அப்பா பெயரைச் சேர்க்க வேண்டாம். ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயர், பாஸ்போர்ட் எண், தேதி மூன்றையும் பாருங்கள்.

இன்னொன்று: துபாய் வழியாகப் போனால் உள்ளேயே விமானம் மாறுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "வழியில் ஒரு நாள் துபாய்" வேண்டாம். 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு அமீரகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

#4 · மூன்றாம்_கேட்

இதற்கு இவ்வளவு சுற்றுவழி எதற்கு? பாஸ்போர்ட்டையே மாற்றிவிடலாமே. மறுவெளியீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. வாழ்நாள் தொல்லை தீரும்.

#5 · இனிஷியல்_கே

செய்யலாம், ஆனால் இந்தப் பயணத்துக்கு நடுவில் அல்ல. புது பாஸ்போர்ட் புது எண்ணோடு வரும். அதற்குள் வாங்கிய அழைப்புக் கடிதம், காப்பீடு எல்லாம் செல்லாமல் போகும். அதோடு பட்டச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, பான் எல்லாம் ஒற்றைப் பெயரில் இருக்கும், பாஸ்போர்ட் மட்டும் இரட்டைப் பெயரில் நிற்கும். ஈரமண் இன்னும் பதிவுக் கட்டணமே கட்டவில்லை என்றால் இந்த வாரமே மாற்ற விண்ணப்பிக்கலாம். கட்டியாகிவிட்டது என்றால் திரும்பி வந்து நிதானமாகச் செய்யட்டும்.

#6 · ஈரமண்

கட்டியாகிவிட்டது. அப்படியே போகிறேன். விசாக் கட்டணம் 90 யூரோ என்று போட்டிருக்கிறது. உதவித்தொகையில் பெரிய தொகைதான். மாணவர்களுக்குச் சலுகை உண்டா?

#7 · நகல்_மூன்று

உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45 யூரோ. ஆனால் ஷெங்கன் விசாச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலேயே விலக்குப் பட்டியல் இருக்கிறது. ஆய்வுக்காகவோ அறிவியல் கருத்தரங்கு, மாநாட்டுக்காகவோ பயணம் செய்யும் ஆய்வாளருக்குக் கட்டணம் இல்லை. முனைவர் படிப்பில் சேரத் தகுதியான பட்டம் பெற்று, ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு செய்பவர் அந்த வரையறைக்குள் வருவார்.

நிறுவனக் கடிதத்தில் "மாணவர்" என்று மட்டும் எழுதாமல் "முனைவர் பட்ட ஆய்வாளர், அறிவியல் மாநாட்டில் ஆய்வு முடிவை அளிக்கச் செல்கிறார்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கவுன்டரில் பணம் கட்டுவதற்கு முன்பே கட்டண விலக்குக் கேட்க வேண்டும், கட்டியபின் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு. விஎஃப்எஸ் சேவைக் கட்டணம் தனி. அதற்கு விலக்கு கிடையாது.

#8 · பில்_வவுச்சர்

பணம் மத்திய அரசுடையது என்றீர்கள். அப்படியானால் பயணத்தைவிடத் திரும்பி வந்து பில் பாஸ் பண்ணுவதுதான் கடினம். விதி தெரியாமல் மலிவான இணையதளத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு ஆறு மாதம் அலைவார்கள்.

அரசுச் செலவில் விமான டிக்கெட் எடுக்க மூன்று முகவர்களுக்குத்தான் அனுமதி: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி. 2022 ஜூனில் வந்த நிதியமைச்சக உத்தரவு. அதே உத்தரவு பயணத்துக்கு 21 நாள் முன்பாவது எடுக்கச் சொல்கிறது. உங்கள் நிதியின் விதியில் இது பொருந்துமா என்று கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், "வாயால் சொன்னாங்க" செல்லாது.

போர்டிங் பாஸ் எல்லாத் துண்டும், போகும்போதும் வரும்போதும், பத்திரம். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் விமானம் கிளம்பியதும் சில செயலிகளில் மறைந்துவிடும், முன்பே படமெடுத்துக்கொள்ளுங்கள். கூடவே வருகைச் சான்றிதழ் (மாநாட்டின் கடைசி நாள் மேசையில் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது), கட்டண ரசீது, அந்நியச் செலாவணி வாங்கிய ரசீது.

உங்களுக்கில்லை, இதைப் படிக்கும் அரசுப் பணியாளர்களுக்கு: தங்குமிடமோ டிக்கெட்டோ வெளிநாட்டு அமைப்பு தருகிறது என்றால் அது வெளிநாட்டு விருந்தோம்பல் கணக்கில் வரும். உள்துறை அமைச்சகத்தில் எஃப்சி-2 படிவத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் முன்பு.

#9 · வடலி

யாழ்ப்பாணத்திலயிருந்து போற ஆக்களுக்கும் சேர்த்து எழுதுறன்.

சென்னையிலயிருந்தும் கொழும்பிலயிருந்தும் வியன்னாவுக்கு நேர விமானம் இல்லை. இரண்டு விதமாப் போகலாம். ஒன்று டோஹா, துபாய், அபுதாபி வழியா. அப்ப ஷெங்கன் எல்லைச் சோதனை வியன்னாவிலேயே நடக்கும். மற்றது பிராங்பர்ட் மாதிரி ஒரு ஷெங்கன் நகரம் வழியா. அப்ப குடிவரவு அங்கேயே முடிஞ்சு, வியன்னாவுக்கு உள்ளூர் பயணி மாதிரி இறங்குவீங்கள். இரண்டாவது வழியில ஒன்றரை மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டை விற்பினம், வாங்காதேங்கோ. 2025 அக்டோபர் 12 முதல் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியா வந்திருக்குது. முத்திரைக்குப் பதிலா முகப்படம் எடுத்துக் கணினியில ஏத்துவினம். விசா எடுக்கேக்க கைரேகை குடுத்தபடியால் உங்களுக்கு முகப்படம் மட்டும்தான் புதுசாப் பதிவு, விரலைச் சரிபார்க்க வைக்கச் சொல்லலாம். முதல்முறை வாற ஆக்களால வரிசை நீளும். மூன்று மணி நேரம் வைச்சால் நிம்மதி.

லண்டன் வழியா மட்டும் போகாதேங்கோ. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் உள்ளுக்கேயே விமானம் மாறவும் பிரித்தானியா தனி விசா கேட்கும். குறுகிய கால ஷெங்கன் விசா அதுக்கு விலக்குத் தராது. டிக்கெட் எவ்வளவு மலிவா இருந்தாலும் ஏற விடமாட்டினம்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இன்னுமொன்று கவனியுங்கோ. ஷெங்கன் விமான நிலையத்தில மாறிப்போறதுக்கே விசா வேண்டிய பொதுப் பட்டியலில இலங்கை இருக்குது. செல்லுபடியான ஷெங்கன் விசா கையில இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

#10 · ஈரமண்

புடாபெஸ்ட்?

#11 · நகல்_மூன்று

ஹங்கேரியும் ஷெங்கன். தனி விசா வேண்டாம். வியன்னாவின் முதன்மை ரயில் நிலையமான ஹவுப்ட்பான்ஹோஃபிலிருந்து ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். பிராட்டிஸ்லாவா இன்னும் பக்கம், ஒரு மணி நேரம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஐந்து நாள் வியன்னா, ஒரு நாள் புடாபெஸ்ட் என்றால் ஆஸ்திரியாதான். அந்த ஒரு நாளைப் பயணத் திட்டத்தில் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டியதில்லை. ரயிலிலும் சோதனை நடக்கும், பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும்.

விசா ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். "எந்தத் தேதி முதல், எந்தத் தேதிவரை" என்பது ஜன்னல். "எத்தனை நாள்" என்பதுதான் உங்கள் உரிமை. ஜன்னல் 25 நாள் திறந்திருக்கும், உள்ளே 10 நாள் என்றிருக்கும். ஜன்னலைப் பார்த்து 12 நாள் தங்கினால் மீறல். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டும் கணக்கில் சேரும்.

#12 · கார்ல்ஸ்பிளாட்ஸ்

ஊருக்குள் வந்த பிறகு. ஆஸ்திரியா சென்டருக்கு நிலையம் கைசர்ம்யூலன்-விஐசி, யூ1 சிவப்புத் தடம். நகர நடுவிலிருந்து ஏறினால் "லியோபால்டாவ்" என்று எழுதிய வண்டி. எதிர்த்திசை "ஓபர்லா". ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸிலிருந்து ஆறாவது நிறுத்தம்.

இதிலிருந்தே தங்குமிடமும் தீர்மானமாகிறது. அரங்கத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் மாநாட்டு வாரத்தில் விலை ஏறும். பக்கமா தூரமா என்று பார்க்காதீர்கள், யூ1 தடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹவுப்ட்பான்ஹோஃப், கெப்ளர்பிளாட்ஸ், ரொய்மான்பிளாட்ஸ் பக்கம் விலை குறைவு, மாறாமல் ஒரே வண்டி. அரங்கம் தாண்டி காக்ரான் பக்கமும் நல்லது, காலையில் எதிர்த்திசை என்பதால் இடம் கிடைக்கும்.

நிலையத்தில் கதவு, தடுப்பு எதுவும் இருக்காது. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். முத்திரையிடாத காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடைக்குப் போகும் வழியில் உள்ள நீலப் பெட்டியில் செருகி முத்திரையிட்டால்தான் அது செல்லும். முத்திரை இல்லாத சீட்டும் சீட்டில்லாததும் ஒன்றுதான். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், அபராதம் 100 யூரோவுக்கு மேல். மாநாட்டுப் பதிவிலேயே பயணச்சீட்டு அடக்கமா என்று முதலில் பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து வர பச்சை நிற கேட் (சிட்டி ஏர்போர்ட் டிரெயின்) ரயில் இருக்கிறது, 16 நிமிடத்தில் வியன் மிட்டே நிலையம். வசதியானது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

#13 · மூன்றாம்_கேட்

கேட் ரயிலை மாணவருக்குச் சொல்லலாமா! இறங்கியதும் விளம்பரம் கண்ணில் படுவது அதுதான், அதனால் எல்லாரும் அதில் ஏறுகிறார்கள். சாதாரண எஸ்7 ரயில் அதே வியன் மிட்டேவுக்கு 25 நிமிடத்தில் போகும், கட்டணம் பாதிக்கும் குறைவு. யூ1 தடத்தில் தங்குபவருக்கு அதுவும் வேண்டாம். ரயில்ஜெட் எனும் விரைவு ரயில் நேராக ஹவுப்ட்பான்ஹோஃபுக்குக் கால் மணி நேரம், எஸ்7 விலையேதான், இருக்கை முன்பதிவு தேவையில்லை. இறங்கி யூ1. முடிந்தது.

ஒரே எச்சரிக்கை: விமான நிலையம் வியன்னா நகர வலயத்துக்கு வெளியே. நகரச் சீட்டோ 24 மணி நேரச் சீட்டோ மட்டும் வைத்து ஏறினால் போதாது. எல்லைவரை கூடுதல் சீட்டு வேண்டும். எந்திரத்தில் சேருமிடம் "வியன்" (வியன்னாவின் ஜெர்மன் பெயர்) என்று கொடுத்தால் சரியான சீட்டே வரும்.

#14 · கார்ல்ஸ்பிளாட்ஸ்

ரயில்ஜெட் விஷயத்தில் சரண். மூன்று பெட்டியோடு வருபவருக்கு மட்டும் கேட்.

நண்பர் வீட்டில் தங்குவதென்றால் மூன்று நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்தோடு. ஹோட்டலில் அவர்களே செய்துவிடுவார்கள். ஞாயிறு கடைகள் மூடல், சனி மாலை ஆறுக்கே இறக்கிவிடுவார்கள். ஈஸ்டர் திங்களும் விடுமுறை, உங்கள் ஏப்ரலில் அது விழுகிறதா பாருங்கள். அப்போது ஹவுப்ட்பான்ஹோஃப், பிராட்டர்ஷ்டெர்ன், வியன் மிட்டே நிலையங்களுக்குள் உள்ள சூப்பர்மார்க்கெட்டுகள் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் ஊற்றுநீர், தைரியமாகக் குடியுங்கள், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 144.

#15 · ஏ_பூஜ்யம்

போஸ்டர். ஏ0 தாள் 841×1189 மி.மீ. சுருட்டினால் குழாய் 90 செ.மீ. வரும். கைப்பைக்குப் பொதுவான அளவு 55 செ.மீ. பெரும்பாலும் விடுவார்கள், விடாத நாளும் உண்டு. கேட்டில் பிடுங்கிச் சரக்கில் போட்டால் உங்கள் பெட்டியோடு வராமல் தனியாக வரும், அதாவது வராமலும் போகும். ஆகவே துணியில் அச்சடியுங்கள். பாலியெஸ்டர் துணி, சட்டைபோல் மடித்துக் கைப்பையில் வைக்கலாம். மடிப்புத் தடம் விழும், ஹோட்டலில் இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், பின்பக்கமாகத் தேயுங்கள். துணியில் மெல்லிய கோடுகள் சற்றுப் பரவும், அச்சு எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம்.

அச்சடிக்கும் முன் பலகை அளவைப் பாருங்கள். அகலவாக்குப் பலகைக்கு நெடுவாக்குப் போஸ்டர் கொண்டுபோய்க் கீழே தொங்கவிட்டபடி நிற்பவர்களை ஒவ்வொரு மாநாட்டிலும் பார்க்கலாம். பிடிஎஃப் ஒன்று பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். தொலைந்தால் பல்கலைக்கழகம் பக்கத்து நகலகங்களில் அன்றே அடித்துத் தருவார்கள், விலைதான் சுருக்கென்றிருக்கும்.

பவர்பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரம்பு, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். அங்கே பிளக் இரண்டு உருண்டை முள். நம் ஊர் இரண்டு முள் கைப்பேசிச் சார்ஜர் அப்படியே பொருந்தும், மடிக்கணினியின் மூன்று முள் பொருந்தாது. அடாப்டர் இங்கேயே வாங்குங்கள்.

#16 · பருப்புப்பொடி

சாப்பாடு. ஆஸ்திரிய உணவகங்கள் பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் எழுத்துக் குறி போடுவார்கள், ஒவ்வாமைக்காக. ஆங்கில எழுத்து வரிசையில் மூன்றாவது எழுத்தான "சி" என்றால் முட்டை, "டி" மீன், "ஜி" பால். உங்களுக்கு அந்த "சி" ஒரு வரம். ஆனால் இறைச்சி ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை, அதனால் அதற்குக் குறியே கிடையாது. "சி" இல்லை என்று நம்பி வாங்கியதில் மாட்டு எலும்புச் சாறு இருக்கலாம்.

சாறுதான் வியன்னாவில் கண்ணுக்குத் தெரியாத வில்லன். எர்டேப்ஃபல்சலாட் என்ற உருளைக்கிழங்கு சாலட் பார்க்கச் சைவம், வழக்கமான செய்முறையில் மாட்டு சூப் ஊற்றிக் கலக்குவார்கள். ஃப்ரிட்டாட்டன் சூப்பும் அப்படித்தான், மேலே மிதப்பது முட்டை தோசைக் கீற்று. கேஸெஷ்பெட்ஸ்லெ பாலாடைக்கட்டி நூடுல்ஸ்: இறைச்சி இல்லை, மாவில் முட்டை. கைசர்ஷ்மார்ன் முழுக்க முட்டை.

ஆகவே "வெகெட்டாரிஷ்" என்று கேட்பதைவிட "வெகான்" என்று கேளுங்கள். பால், தயிர் விட்டுப்போகும், ஆனால் முட்டையும் சாறும் ஒரே சொல்லில் கழியும். ஃபலாஃபல் கடைகள் எங்கும் உண்டு. ஏப்ரலில் ஷ்பார்கல் எனும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டுக் காலம் தொடங்கும். மேலே ஊற்றும் மஞ்சள் சாஸில் முட்டை இருக்கும்; அது வேண்டாம், வெண்ணெய் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். பில்லா, ஹோஃபர், ஷ்பார் கடைகளில் தயிர், ரொட்டி, பழம், வெந்த கடலை டப்பா எல்லாம் கிடைக்கும். கெட்டில் உள்ள அறையாகப் பிடித்தால் உடனடி உப்புமா, புளியோதரைப் பொடியோடு அரை வாரம் ஓடும்.

#17 · நகல்_மூன்று

பொடி சரி, மற்றதில் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி பையில் இறைச்சி, பால் பொருள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பனீர் மூன்றும் இதில் வரும். "அம்மா கட்டிக்கொடுத்த நெய் பாட்டில்" வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியனுக்கு மட்டும் விலக்கு. காய்ந்த பொடி, ஊறுகாய், இஞ்சி மரப்பா பிரச்சினை இல்லை. மாத்திரை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு. சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் எழுதி வாங்குங்கள்.

#18 · பில்_வவுச்சர்

பணம். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புவரைதான் வாங்கலாம். உங்களுக்கு நோட்டாக மொத்தம் 200 யூரோ போதும், மீதி கார்டில். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், வங்கிச் செயலியில் கிளம்புமுன் திறந்துவிடுங்கள். கடைக்காரர் எந்திரம் "ரூபாயிலா யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் அந்த எந்திரக்காரர் வைத்த விகிதம், நூற்றுக்குச் சில ரூபாய் நஷ்டம். ஹோட்டல் முன்பணப் பிடிப்புக்கு பிரீபெய்ட் ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள், பிடித்த தொகை திரும்ப நாளாகும், அதுவரை சாப்பாட்டுக் காசு பூட்டிக் கிடக்கும்.

ஓடிபி வராமல் தவிப்பது இன்னொரு வழக்கம். இந்திய சிம்மை ரோமிங் போட்டு, டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். டேட்டாவுக்கு இ-சிம். உங்கள் நிறுவனத்தில் எடுரோம் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை) இருந்தால் இங்கேயே கைப்பேசியில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். முதல் அமைப்பை அங்கே போய்ச் செய்ய முயன்றால் சான்றிதழ்க் கோளாறில் நிற்கும். சரியாக அமைத்திருந்தால் வியன்னாப் பல்கலைக்கழகங்களில் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

#19 · ஈரமண்

எல்லாருக்கும் நன்றி. திட்டம் இப்படி: பதிவுக் கடிதம் இந்த வாரம். ஜனவரி மூன்றாம் வாரம் விசா. ஏப்ரல் 17 இரவு சென்னை, பிராங்பர்ட் வழி 18 மதியம் வியன்னா. மாநாடு முடிந்து 24 புடாபெஸ்ட் போய் இரவே திரும்புகிறேன். 25 இரவு வியன்னாவிலிருந்து பிராங்பர்ட், அங்கே விமான நிலையத்திலேயே உட்கார்ந்து 26 காலை 11 மணிக்குச் சென்னை விமானம். ஆகவே படிவத்தில் 18 முதல் 25 வரை, 8 நாள். காப்பீடும் 25 வரை. சரிதானே?

#20 · நகல்_மூன்று

சரியில்லை. 25 இரவு நீங்கள் வியன்னாவை விடுகிறீர்கள், ஷெங்கனை விடவில்லை. பிராங்பர்ட்டில் குடிவரவு தாண்டுவது 26 காலைதான். படிவத்தில் கிளம்பும் தேதி 26, மொத்தம் 9 நாள். காப்பீடு 27 வரை எடுங்கள், விமானம் தாமதமானாலும் இடைவெளி விழாது. விடுப்புக் கடிதத்திலும் 27ஆம் தேதி சேர வேண்டும், நீங்கள் சென்னையில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

#21 · வடலி

18ஆம் தேதி இறங்கிற நேரமும் பாருங்கோ. பிராங்பர்ட்டில எத்தனை மணி நேர இடைவெளி?

#22 · ஈரமண்

ஒரு மணி நாற்பது நிமிடம். மாற்றுகிறேன்.